கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்

கேள்வி: இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) அம்மாவோடு இருக்கிறேன். எனக்கு வயது 31, ஹட்டனில் அலுவலக வேலை. மார்கழி முழுவதும் காலை நாலரைக்கு எழுந்து, நாளுக்கு இரண்டு பதிகமாகத் திருவாசகம் 51 பதிகத்தையும் படித்துவிடுவது என்று தீர்மானித்தேன். படித்ததைக் கொப்பியிலும் குறித்து வந்தேன். பன்னிரண்டு நாளாகியும் ஆறாவது பதிகத்தைத் தாண்ட முடியவில்லை, விட்டுவிட்டேன். வீட்டில் ஒரு தொல்லையும் கிடையாது. அம்மாவுக்கு 58 வயது, எழுத்து தெரியாது. பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகுமுன் எனக்கும் சேர்த்து ரொட்டி சுட்டு வைத்துவிடுவார். ஒருநாள் மட்டும் "கொஞ்சம் சத்தமா படிம்மா" என்று வந்து நின்றார். கவனம் சிதறியதால் அடுத்த நாளிலிருந்து காம்பரா (அறை) கதவைச் சாத்திக்கொண்டேன். என் பக்தி குறைந்துவிட்டதா? தை மாதத்துக்கு எந்த நூலை எடுக்கலாம்?

பதில்: கொழுந்தை நிறுக்கத் தராசு உண்டு, பக்தியை நிறுக்க இல்லை. மாதம் தவறாமல் வருகிற கேள்வி இது. கூடியதா குறைந்ததா என்று சொல்ல நான் ஆளில்லை.

உங்கள் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். 51 பதிகம், நாளுக்கு இரண்டென்றால் 26 நாள்; மார்கழிக்கு 29 நாள். தாளில் சரியாகத்தான் வரும். ஆனால் பதிகங்கள் ஒரே அளவில்லையே! சிவபுராணம் 95 அடி, கீர்த்தித் திருவகவல் 146. ஆக முதல் நாளே 241 அடி. மறுநாள் திருவண்டப் பகுதியும் போற்றித் திருவகவலும் சேர்ந்து 407 அடி. மூன்றாம் நாள் திருச்சதகம் 100 பாட்டு, நீத்தல் விண்ணப்பம் 50 பாட்டு. அலுவலகத்துக்கு ஓடுகிற ஒருத்தி விடியற்காலையில் 150 பாட்டை எப்படி முடிப்பாள்? அங்கேதான் சிக்கினீர்கள். பரிதாபம் என்னவென்றால், மார்கழிக்கென்றே உள்ள திருவெம்பாவை ஏழாவது. அதன் வாசலுக்கு வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள்.

இது திட்டத்தின் பிழை. திருத்திக்கொள்ளலாம். நான் கோபப்படுவது அந்தக் கதவுக்காக.

திருவெம்பாவையை எடுத்திருந்தால் முதல் பாட்டே உங்களைப் பிடித்திருக்கும். விடியுமுன் பெண்கள் கூட்டமாக வந்து, உள்ளே படுத்திருப்பவளைப் பார்த்து "வன்செவியோ நின்செவிதான்" என்கிறார்கள். உன் காது என்ன செவிட்டுக் காதா என்று அர்த்தம். மூன்றாம் பாட்டில் "தித்திக்கப் பேசுவாய் வந்துன் கடைதிறவாய்" என்கிறார்கள். கடை என்றால் வாசல் கதவு. பேச்செல்லாம் இனிப்பாகத்தான் பேசுகிறாய், வந்து கதவைத் திற என்று குத்துகிறார்கள். உங்கள் வீட்டில் வெளியே நின்றவர் யார், உள்ளே இருந்தவர் யார்?

அம்மாவுக்கு 58 என்றால் 1973, 74 பஞ்சத்தில் ஆறேழு வயது. பள்ளிக்கூடம் போகவேண்டிய அந்த வயதில் தோட்டத்துப் பிள்ளைகள் கிழங்குக்கும் கீரைக்கும் அலைந்தார்கள். அந்த வயதுக்காரர் எத்தனை பேருக்கு எழுத்து வாய்த்தது? ஆனால் மார்கழி பஜனை லயத்தைச் சுற்றி வருவதை இத்தனை வருஷமாகக் கேட்டிருப்பார். உங்களுக்குப் பிடிபடாத மெட்டு அவர் காதில் கிடக்கும். அப்படிப்பட்டவர் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்று. அதைத் தொல்லைக் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள், ரொட்டியை வசதிக் கணக்கில். மலையில் கொழுந்தெடுத்துப் பிள்ளையைப் படிக்க வைத்தவருக்கு அந்தப் படிப்பில் எட்டு வரி கேட்க உரிமையில்லையா? பெற்றவளுக்கு வாசிக்காத திருவாசகம் யாருக்கு?

தையில் என்ன செய்வதென்று சொல்கிறேன். அதே நாலரைக்கு எழும்புங்கள். உட்காருவது முன் காம்பராவில் இல்லை, அடுப்படியில். மாவை நீங்கள் பிசையுங்கள், அம்மா பலகையில் உட்காரட்டும். (உட்காரமாட்டார். நாலைந்து நாள் எழும்பி எழும்பி வருவார். விடாதீர்கள்.) காலைக்கும் மலைக்குக் கட்டவும் அரைக் கிலோ கோதுமை மா, அரை மூடித் தேங்காய்ப்பூ, ஒரு தேக்கரண்டி உப்பு. தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கவேண்டும். இந்தக் குளிருக்குப் பச்சைத் தண்ணீரில் குழைத்தால் மா இறுகிப்போய், தட்டும்போது ஓரமெல்லாம் வெடிக்கும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், தேங்காயும் ஈரம் விடும். குழைத்ததை மூடிவைத்தால் இளக இருபது நிமிஷமாகும். உங்கள் பாராயண நேரம் அதுதான். கையைக் கழுவிவிட்டுப் புத்தகத்தைத் தொடுங்கள்.

எட்டு மணி நேரம் மலையில் நிற்கப்போகிறவருக்கு நாளுக்கு ஒரு பாட்டுப் போதும். முதலில் நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள். அடுத்து சீர் பிரித்து, மூன்றாவது முறை அவர் எடுக்கிற ராகத்தில். ராகம் இல்லையென்றால் வெறுமனே சொன்னாலும் குறைவில்லை. ரொட்டி தட்டும்போது கை மாவாயிருக்கும், அப்போது நேற்றைய பாட்டைப் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். தடுமாறுகிற இடத்தை அம்மா எடுத்துக் கொடுப்பார், பார்த்துக்கொண்டே இருங்கள். அடுப்பை மட்டும் அதிகம் எரியவிடாதீர்கள். பாட்டு நடுவில் நிற்க, ரொட்டி வெளியே கருகி உள்ளே பச்சையாய் இருக்கும்.

நூல் மாற்றவேண்டியதில்லை. திருவாசகத்தின் 13ஆம் பதிகம் திருப்பூவல்லியைத் திறவுங்கள். இருபது பாட்டு. பெண்கள் பூப்பறித்துக்கொண்டே பாடுவதாக அமைந்தது. ஒவ்வொன்றும் "பூவல்லி கொய்யாமோ" என்றே முடியும். கொழுந்து கொய்கிற கைக்கு அதை விளக்கவேண்டியதில்லை. நீங்கள் வரியைச் சொல்ல, அந்த முடிவை அம்மா எடுக்கட்டும். அதற்கு எழுத்து வேண்டாம். மாதத்தில் மிச்சமிருக்கும் ஒன்பது நாளை, மழைக்கும் காய்ச்சலுக்கும் விட்டுப்போன பாட்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாசிக்கு 12ஆம் பதிகம் திருச்சாழல். ஒருத்தி கேட்க மற்றவள் பதில் சொல்கிற பாட்டு, இருவர் இல்லாமல் சோபிக்காது.

கொப்பியில் பக்கக் கணக்கு எழுதுவதை நிறுத்துங்கள். அம்மா எந்தச் சொல்லில் நிறுத்தி "அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டாரோ, அந்தச் சொல்லை எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாதென்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை கோயிலில் விஷயம் தெரிந்தவரைக் கேட்டு வந்து சொல்லுங்கள்.

அடுப்படிப் புகையில் புத்தகம் பழுக்கும். பழைய பத்திரிகைத் தாளில் உறை போட்டுக்கொள்ளுங்கள்.