பழைய சுரூபத்துக்குப் புதுப் பெயின்ட் அடிக்கலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்கள் ஊர். ஆலயத்தில் இரண்டரை அடி உயரத்தில் மரத்தாலான அந்தோணியார் சுரூபம் இருக்கிறது. தாத்தா காலத்துக்கும் முந்தையது என்கிறார்கள். இப்போது பாதத்தருகே மாவு போல மரத்தூள் கொட்டுகிறது. முகத்தில் பெயின்ட் உரிகிறது. ஜூன் 13 திருவிழாவுக்குள் புதுப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று பங்குப் பேரவையில் சிலர் சொல்கிறார்கள். ஃபோர்ட் கொச்சி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று வேறு சிலர். எது சரி?

பதில்: இரண்டுமே இப்போது வேண்டாம். முதலில் பெயின்ட் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

அந்தக் காலத்து மரச் சுரூபங்கள் பலவும் வெறும் மரத்தின்மேல் வண்ணம் பூசியவை அல்ல. செதுக்கிய மரத்தின்மேல் சுண்ணப் பொடியும் பசையும் குழைத்த வெள்ளை அடிப்பூச்சு பல முறை பூசி, தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அங்கியில் பொன் வர வேண்டிய இடத்தில் செம்மண் பூச்சு, அதன்மேல் தங்கத்தாள், அதன்மேல் வண்ணம். வண்ணம் காய்ந்ததும் கூரான குச்சியால் கீறிப் பூவேலை செய்வார்கள். கீறிய கோட்டில் அடியிலிருக்கும் பொன் மின்னும். முகத்துக்கும் கைகளுக்கும் தோல் நிறத்தைப் பூசித் தனியாக மெருகேற்றுவார்கள். உங்கள் சுரூபத்திலும் இப்போது தெரியும் எனாமலுக்கு அடியில் இதெல்லாம் இருக்க வாய்ப்புண்டு. உரிந்த இடத்தின் ஓரத்தை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், மரத்தின் வளையம் போல அடுக்குகள் தெரியும். உப்புத்தாளும் தின்னரும் பட்டால் அந்த அடுக்குகள் ஒரே மதியத்தில் போய்விடும். நான் பார்த்த ஒரு சுரூபத்தில் அப்படித் தேய்த்தபின் காதுக்குப் பின்னால் மட்டும் நகமளவு பொன் மிஞ்சியிருந்தது. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

பெயின்ட் ஏன் உரிகிறது? ஆடி மாதத்து ஈரத்தில் மரம் ஊதும். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் வறண்ட கிழக்குக் காற்றில் சுருங்கும். மேலே இருக்கும் பூச்சு அந்த அளவுக்கு அசைந்து கொடுக்காது. அதனால் வெடித்து எழும்புகிறது. அதன்மேல் கனத்த எனாமல் அடித்தால் உரிவது நிற்காது, பெரிய சில்லுகளாக உரியும், அவ்வளவுதான். எழும்பி நிற்கும் சில்லுகளை யாரும் துணியால் துடைக்கக் கூடாது. உதிர்ந்தவற்றைக் காகித உறையில் போட்டு, எந்த இடத்தில் உதிர்ந்தது என்று எழுதி வையுங்கள். திரும்ப ஒட்டலாம்.

அடுத்து மரத்தூள். குண்டூசித் தலையளவு ஓட்டைகளும் மெல்லிய மாவும் இருந்தால் அது மரத்தை உளுக்க வைக்கும் வண்டு. மண் தடம் இருந்தால் கறையான். வண்டு இப்போதும் உள்ளே இருக்கிறதா என்று அறிய, தூளை மெல்லிய தூரிகையால் அகற்றிவிட்டு, அடியில் கறுப்புக் காகிதம் விரித்து இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். புதிதாக வெளிர் நிறத் தூள் விழுந்தால் உயிரோடு இருக்கிறது. அப்போது மற்ற மரச் சாமான்களிலிருந்து சுரூபத்தைத் தள்ளி வையுங்கள். மண்ணெண்ணெயும் பூச்சிமருந்தும் வேண்டாம், அவை பழைய வண்ணத்தைக் கரைக்கும், கறைப்படுத்தும். அருங்காட்சியகங்களில் காற்றுப் புகாத தனி வகை உறைக்குள் பொருளை வைத்து, ஆக்சிஜனை அகற்றி, சில வாரங்கள் விட்டுவிடுவார்கள். முட்டை முதல் வண்டு வரை எல்லாம் சாகும், வண்ணத்துக்கு ஒன்றும் ஆகாது. சாதாரண பாலித்தீனில் இது நடக்காது, அது ஆக்சிஜனை உள்ளே விடும். பயிற்சி பெற்ற பராமரிப்பு வல்லுநர் ஒருவர்தான் செய்ய வேண்டும்.

சரி, பேரவையில் என்ன சொல்வது? திருச்சபைச் சட்டத்தையே காட்டுங்கள். பழமையாலோ கலைநயத்தாலோ வழிபாட்டாலோ மதிப்புப் பெற்ற சுரூபத்தை ஆயரின் (பிஷப்பின்) எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் புதுப்பிக்கக் கூடாது. அவரும் வல்லுநர்களைக் கேட்டுத்தான் அனுமதி தர வேண்டும் என்கிறது 1189-ஆம் சட்டம். மக்கள் பெரும் பக்தியோடு வணங்கும் சுரூபத்தை வத்திக்கான் அனுமதியின்றி நிரந்தரமாக வேறிடத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது 1190. ஆக, உங்கள் இரண்டு யோசனைகளுக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. உங்கள் ஆலயம் சுல்தான்பேட்டை மறைமாவட்டத்தில் வருமானால், அது 2013-இல்தான் உருவானது. அதற்கு முன் உங்கள் பகுதி கோவை மறைமாவட்டத்தில் இருந்ததால், சுரூபம் எப்போது வந்தது என்ற பழைய குறிப்புகளைக் கோவை ஆயர் இல்லத்திலும் கேட்டுப் பாருங்கள். நூறு வயது தாண்டியிருந்தால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் பொருந்தும். பழசை வாங்கிக்கொண்டு புதுசு தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள், ஆனால் கொடுக்க அல்ல, பார்க்க. பேரவையில் பெயின்ட் கேட்பவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஃபோர்ட் கொச்சி ஆயர் இல்ல வளாகத்தில் இருக்கும் இந்தோ-போர்த்துக்கீசிய அருங்காட்சியகத்தில், வைப்பீன் நம்பிக்கை மாதா ஆலயத்திலிருந்து வந்த 16-ஆம் நூற்றாண்டுத் தேக்குமரப் பலிபீடம் இருக்கிறது. சாந்தா குரூஸ் பேராலயத்தின் 17-ஆம் நூற்றாண்டுப் பவனிச் சிலுவையும் இருக்கிறது. அந்தப் பழைய பேராலயத்தையே 1795-இல் ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். இப்போது நிற்பது 1905-இல் அர்ச்சிக்கப்பட்டது. வீடிழந்த பொருள்களுக்கு அருங்காட்சியகம் வேண்டும். உங்கள் அந்தோணியாருக்கு ஆலயமும் இருக்கிறது, நவநாளுக்கு வரும் ஜனமும் இருக்கிறது. அவர் அங்கேயே இருக்கட்டும் என்பதுதான் என் விருப்பம்.

அப்புறம், திருவிழா. இந்த முறை தேர்பவனிக்கு வேறொரு சுரூபத்தை வையுங்கள். குலுக்கலும் சாரலும் பழைய சுரூபத்துக்கு ஆகாது. அதைக் கண்ணாடிக் கூண்டில் வைத்தால் பின்பக்கம் காற்று போக வழி விடுங்கள். காணிக்கை உப்பும் மிளகும் பாதத்தில் கொட்டாமல் நாலடி தள்ளி ஒரு தட்டில் வாங்குங்கள். உப்பு ஈரத்தை இழுத்து மரத்துக்குள் விடும். ஈர மாலையைக் கழுத்தில் போடாமல் கூண்டின் சட்டத்தில் தொங்கவிடலாம். மெழுகுதிரி மேடையையும் கரி படாத தூரத்துக்கு நகர்த்துங்கள்.

இதையெல்லாம் தொடங்கும் முன் காலை வெளிச்சத்தில் நான்கு பக்கமும், முதுகுப் பக்கம் தவறாமல், அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுங்கள். ஒரு பிரதி பங்குத்தந்தையிடம் இருக்கட்டும், இன்னொன்று ஆயருக்கு எழுதும் கடிதத்தோடு போகட்டும்.