உறைப்பு எப்போது ஏறும்? வீட்டு மிளகாய்க் கன்று பற்றிய கேள்வி பதில்

விவசாயப் போதனாசிரியராக வேலை செய்த காலத்தில் யாழ்ப்பாணத்து முற்றங்களில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது மிளகாய் பற்றித்தான். இந்த முறை வந்தவை பெரும்பாலும் கன்று பூத்த பிறகு வரும் சந்தேகங்கள்.

இணுவில் அக்கா ஒருவர்: சீமெந்துப் பையில் நட்ட கன்று நன்றாகப் பூத்துக் காய்க்கிறது. நல்ல உறைப்பான மிளகாயில் எடுத்த விதைதான். காயில் மட்டும் உறைப்பே இல்லை. ஏன்?

அக்கா, முதலில் எப்போது பறிக்கிறீர்கள் என்று பாருங்கள். பூ விழுந்து பிஞ்சு வந்தவுடன் உறைப்பு வந்துவிடாது. இரண்டு மூன்று கிழமை போன பிறகுதான் உறைப்பைத் தரும் கப்சேசின் என்ற பொருள் சேரத் தொடங்கும். பல இனங்களில் பூத்து 40 முதல் 50 நாளுக்குள் அது உச்சத்துக்கு வரும். காய் நீளம் எட்டிவிட்டது என்று பார்த்துப் பறித்தால் பாதி உறைப்பைக் கன்றிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள். காய் கரும்பச்சையாகி, தோல் இறுகி, விரலால் அமத்தினால் விறைப்பாக நிற்க வேண்டும். அதற்குப் பிறகு பறியுங்கள்.

ஒரு காயை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். நடுவில் விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையும் அதன் நரம்புகளும் தெரியும். முற்றிய காயில் அந்தச் சதையின் மேல் இளமஞ்சளாகச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் மினுங்கும். உறைப்பு உருவாகும் இடம் அதுதான். விதை தானாக உறைப்பை உண்டாக்குவதில்லை, அந்தச் சதையோடு ஒட்டிக் கிடப்பதால் நாக்கில் எரிகிறது. நீங்கள் வெட்டும் காயில் அந்த மஞ்சள் தெரியாவிட்டால் ஒன்றில் காய் பிஞ்சு, இல்லாவிட்டால் இனமே அப்படி.

இனம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மிளகாய் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆனால் தேனீ வந்து போகும் முற்றத்தில் பக்கத்தில் நிற்கும் உறைப்புக் குறைந்த கறிமிளகாயின் மகரந்தமும் சேர்ந்துவிடும். அந்த வருடக் காய்க்கு ஒன்றும் ஆகாது. அதன் விதையில் முளைக்கும் கன்றில்தான் கலப்பு தெரியும். விதைக்கென்று வைக்கும் கன்றில் இரண்டு மூன்று மொட்டுகளை விரியும் முன்பே மெல்லிய துணியால் கட்டி, காய் பிடித்ததும் அவிழ்த்து, காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.

சாவகச்சேரித் தம்பி: தண்ணீரை நிறுத்தினால் உறைப்புக் கூடும் என்கிறார்களே?

ஓரளவு உண்மை, தம்பி. ஆனால் நேரம் தப்பினால் காயே இராது. பூக்கும்போது வாட விட்டால் பூவும் பிஞ்சும் சேர்ந்து கொட்டும். காய் பருத்து முடிந்த பிறகு மட்டும் இறைப்பைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். மத்தியானம் இலை லேசாகத் தளர்ந்து, பின்னேரம் தண்ணீர் விட்டதும் நிமிர்ந்தால் போதும். இதையெல்லாம் செய்தாலும் கறிமிளகாய் கொச்சி மிளகாய் ஆகாது. உறைப்பின் பெரும் பங்கு விதையிலேயே எழுதப்பட்டது.

கோப்பாய் அண்ணை: முதல் காய்ப்பு நன்றாக இருந்தது. சோளகக் காற்றுத் தொடங்கியதிலிருந்து பூ எல்லாம் கொட்டுகிறது. யூரியா போடலாமா?

போடாதீர்கள் அண்ணை. இந்த நேரத்து யூரியா இலையைத்தான் வளர்க்கும், பூ இன்னும் கொட்டும். பகலில் 35 பாகைக்கு மேல் சூடு ஏறினால் மகரந்தம் வலுவிழக்கும், அதன் மேல் காய்ந்த காற்றும் அடித்தால் பூ நிற்காது. காற்று வரும் பக்கம் கிடுகு மறைப்புக் கட்டுங்கள். அடியில் சருகு, வைக்கோல் எது கிடைத்தாலும் பரப்புங்கள். விடியற்காலையில் இறைப்பது நல்லது. ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்றால் மக்கிய எருவோடு கொஞ்சம் சாம்பல், அதுவும் அளவோடு. எங்கள் மண்ணின் அடியில் சுண்ணக்கல், சாம்பல் கூடினால் மண்ணின் காரத்தன்மை, அதாவது சுண்ணாம்புத் தன்மை, இன்னும் கூடும்.

வேலணையிலிருந்து ஒரு தங்கச்சி: குருத்திலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை.

இரும்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடிவதில்லை. மக்கிய பசளையைக் கூட்டுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால், மாரியில் மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்துக் கன்றுக்கு ஊற்றுவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி.

பருத்தித்துறை அம்மா: செத்தல் மிளகாய்க்குக் காயப் போட எப்போது பறிக்க வேண்டும்? போன முறை பூஞ்சணம் பிடித்துவிட்டது.

முழுதாகச் சிவந்து, தோல் லேசாகச் சுருங்கத் தொடங்கும்போது, அம்மா. பாதி சிவந்ததைக் காயவிட்டால் வெளிறிப்போகும். பறித்ததை ஒரு நாள் நிழலில் குவித்து வைத்தால் நிறம் ஒன்றாக வரும். பிறகு பாயில் பரப்புங்கள், வெறும் தரையில் வேண்டாம். பொழுது படும் முன் எடுத்து மூடிவிடுங்கள், பூஞ்சணத்துக்கு இரவுப் பனிதான் வழிவிடுகிறது. கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே விதை கிலுகிலுக்க வேண்டும், காம்பு முறித்தால் பட்டென்று முறிய வேண்டும். பூஞ்சணம் கண்ட மிளகாயைக் கழுவித் தூளாக்க நினைக்காதீர்கள். அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு இருக்கலாம், வறுத்தாலும் முழுதாகப் போகாது.

சுன்னாகத்தில் ஒரு மாணவி: பறித்த கை இரவு முழுக்க எரிகிறது. தண்ணீரில் கழுவியும் போகவில்லை.

கப்சேசின் தண்ணீரில் கரையாது, பிள்ளை. நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தேய்த்துத் துடைத்து, பிறகு சவர்க்காரம் போடுங்கள். வாய் எரிந்தால் தயிர். உண்மையில் தோல் வேகவில்லை. சூட்டை உணரும் நரம்பின் ஏற்பியில் கப்சேசின் போய் ஒட்டுவதால் மூளை அதைச் சூடு என்றே எடுத்துக்கொள்கிறது. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கண்ணை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

கொக்குவில் ஐயா: காய்த்து முடிந்த கன்றைப் பிடுங்கலாமா?

இலை சுருண்டிருக்கிறதா ஐயா? மேல் பக்கமாகச் சுருண்டால் பனிப்பூச்சி, கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்தால் சிற்றுண்ணி. இந்த இரண்டுக்கும் வேப்பங்கொட்டைக் கரைசலை இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்துப் பார்க்கலாம். குருத்து குறுகி மஞ்சளாகி, கன்றே குள்ளமாக நின்றால் வைரசு என்று எடுங்கள், அதைப் பிடுங்கி எரித்துவிடுவது நல்லது. சுகமான கன்று என்றால் மூன்றில் ஒரு பங்கு வெட்டி, எரு போட்டு விடுங்கள், திரும்பத் தளிர்த்துப் பூக்கும்.