ஆபீஸ் இல்லாத கம்பெனியில் மகளுக்கு வேலை

அன்புள்ள அம்மாவுக்கு,

"ஆபீஸே கிடையாதாம், வீட்டிலிருந்தேதான் வேலையாம். இது நிஜமான கம்பெனிதானா?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான பயம்தான், அதையே முதலில் பார்த்துவிடுவோம். பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது மோசடி. வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று டெலிகிராமில் வருவதும் அதே ரகம். அப்படிப் பணம் போய்விட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். உங்கள் மகளிடம் யாரும் பணம் கேட்கவில்லை, மூன்று சுற்று நேர்காணல் நடத்தி, அவள் எழுதிய புரோகிராமை வரிவரியாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஏமாற்றுக்காரனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

ஆபீஸ் இல்லாமலே பெரிய நிறுவனங்கள் நடக்கின்றன. மென்பொருள் நிறுவனமான கிட்லேப், தலைமை அலுவலகக் கட்டடம் என்று ஒன்று இல்லாமலே 2021-ல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. இணையதளம் அமைத்துத் தரும் வேர்ட்பிரஸ்.காமை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம், சான் பிரான்சிஸ்கோவில் வைத்திருந்த ஆபீஸுக்கு ஆளே வராததால் 2017-ல் அதை மூடிவிட்டது.

நான் பார்க்கச் சொல்வது வேறொன்றை. இந்தக் கம்பெனி தொடக்கம் முதலே இப்படி இயங்குகிறதா, அல்லது இப்போதைக்கு வீட்டிலிருந்து செய்யுங்கள் என்கிறதா? 2025-க்குள் கால்வாசிப் பேர் ஆபீஸில் இருந்தால் போதும் என்று டிசிஎஸ் 2020-ல் சொன்னது. 2023-ல் வாரம் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சலுகையாகக் கொடுத்ததை ஒரு மெயிலில் திரும்ப வாங்கிக்கொள்ள முடியும். அதை நம்பி வீட்டுக் கடன் வாங்கிவிடக் கூடாது.

ஆட்கள் பல ஊர்களில் இருந்து செய்யும் வேலை எதை வைத்து ஓடுகிறது தெரியுமா? எழுத்தை வைத்து. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை ஒன்பது என்றால் நமக்கு மாலை ஆறரை, அங்கே குளிர்காலம் என்றால் ஏழரை. நம் பகலில் அவர்கள் தூங்குவார்கள். பக்கத்து நாற்காலியைத் தட்டிச் சந்தேகம் கேட்க முடியாது. அதனால்தான் கிட்லேப் தன் நடைமுறைகளை ஒரு பெரிய கையேடாக எழுதி, யாரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. உங்கள் மகளை அதில் பத்துப் பக்கமாவது படிக்கச் சொல்லுங்கள்.

"சார், ஓடலை, என்ன பண்றது?" என்று மெசேஜ் போட்டால், "என்ன ஓடவில்லை?" என்ற பதில் வரவே மறுநாள் ஆகிவிடும். "இதைச் செய்தேன், இந்தப் பிழை வந்தது, இந்த இரண்டு வழியையும் முயன்றுவிட்டேன்" என்று எழுதத் தெரிந்தவளுக்கு விடிவதற்குள் தீர்வு வந்திருக்கும். மனப்பாடம் செய்து பக்கம் பக்கமாக எழுதிய நம் பிள்ளைகளுக்கு இந்த நாலு வரி வருவதில்லை. இங்கிலீஷ் பேச வராதே என்று கவலைப்படும் பெற்றோரிடம், தெளிவாக எழுதப் பழக்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

உண்மையான குறை ஒன்று உண்டு, மறைக்க மாட்டேன். ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களைப் பொருளாதார ஆய்வாளர்கள் மூவர் ஆராய்ந்தார்கள். குழுவோடு ஒரே கட்டடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு, அவர்கள் எழுதிய புரோகிராமைப் பற்றிச் சக பொறியாளர்களிடமிருந்து கூடுதல் திருத்தக் குறிப்புகள் கிடைத்தன. அதிகம் பயனடைந்தவர்கள் புதிதாகச் சேர்ந்தவர்களும் பெண்களும். உங்கள் மகள் இரண்டு கணக்கிலும் வருகிறாள். ஆகவே சேருமுன் அவள் கேட்கட்டும்: என் வேலையைத் தினமும் யார் பார்ப்பார்கள்? வருஷத்துக்கு எத்தனை முறை குழு நேரில் சந்திக்கும்? முதல் மூன்று மாதம் யார் சொல்லிக் கொடுப்பார்கள்? பதில் மழுப்பலாக வந்தால், சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் முதல் இரண்டு வருஷம் ஆபீஸ் வேலைக்குப் போவது நல்லது என்பேன்.

வேலைக்கான நியமனக் கடிதத்தை வாங்கியதும் அவளை ஊழியராக எடுத்திருக்கிறார்களா, ஒப்பந்தக்காரராகவா என்று பாருங்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் பல இங்கே பதிவு செய்திருப்பதில்லை. ஒப்பந்தம் என்றால் பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் நாமே எடுக்க வேண்டும், வருமான வரிக்கும் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மாதச் சம்பளத் தொகை பெரிதாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம்.

அப்புறம், வீட்டு விஷயம். மகள் வீட்டில் இருக்கிறாள் என்றால் சும்மா இருக்கிறாள் என்று நம் ஊரில் அர்த்தம். கேஸ் சிலிண்டர் வந்தால் அவள், விருந்தாளி வந்தால் காபிக்கு அவள். பையனாக இருந்தால் கதவைச் சாத்திவிட்டு, சத்தம் போடாதீர்கள் என்றிருப்போம். ஒரு மேஜை, ஒரு கதவு, கரண்ட் போனால் தாங்கும் ஒரு யுபிஎஸ். இந்த மூன்றையும் அவள் சேரும் தேதிக்கு முன் ஏற்பாடு செய்துவிடுங்கள். சிலிண்டர்காரருக்கு உங்கள் நம்பரைக் கொடுங்கள்.