அலுவலக கேன்டீனில் சாப்பிடலாமா, டாக்டர்?

கேள்வி: எங்கள் அலுவலக கேன்டீனை மறுபடி திறந்துவிட்டார்கள். ஏசி போட்ட, மூடிய ஹால். தட்டு, கரண்டி எல்லாம் பொதுவானவை. கேன்டீன் சாப்பாட்டில் கொரோனா வந்துவிடுமோ என்று பயந்து வீட்டிலிருந்தே எடுத்துப்போகிறேன். டப்பாவையும் மேஜையையும் சானிடைசரால் துடைத்த பிறகுதான் திறப்பேன். நண்பர்கள் நான்கு பேரோடு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறேன். வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இன்னும் என்ன ஜாக்கிரதை தேவை?

பதில்: தட்டு, டப்பா, மேஜை பற்றியெல்லாம் விவரமாக எழுதிவிட்டு, நான்கு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை அதில்தான்.

முதலில் சாப்பாட்டுப் பயத்தை முடித்துவிடுவோம். கொரோனா மூச்சு வழியாகப் பரவும் கிருமி. தொற்றுள்ளவர் இருமும்போதும் பேசும்போதும், ஏன், சும்மா மூச்சு விடும்போதும்கூட வெளிவரும் நுண்துளிகளை இன்னொருவர் உள்ளிழுத்தால் ஒட்டிக்கொள்கிறது. சாப்பிட்ட உணவால் பரவியது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை. நன்றாகச் சமைக்கும் சூட்டில் வைரஸ் செயலிழந்துவிடும்.

தட்டு, கரண்டி விஷயமும் ஏறக்குறைய அப்படித்தான். எஃகிலும் பிளாஸ்டிக்கிலும் மூன்று நாள் வரை வைரஸ் இருக்கும் என்று 2020-இல் வந்த ஆய்வு எல்லோரையும் மிரட்டியது. அதே ஆய்வில், எஃகின் மேல் சுமார் ஐந்தரை மணி நேரத்துக்கு ஒருமுறை வைரஸின் அளவு பாதியாகக் குறைந்துகொண்டே போனதும் பதிவாகியிருக்கிறது. அதை யாரும் பேசவில்லை. சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவிய தட்டு போதும். பரிமாறும் கரண்டி, குழாய் என்று பலர் தொட்டதைத் தொட்ட பிறகு, சாப்பிட உட்காரும் முன் 20 விநாடி சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். மேஜையைத் துடைப்பதைவிட அது முக்கியம். பழத்தைச் சோப்பிலோ பிளீச்சிலோ கழுவுகிற வேலை வேண்டவே வேண்டாம். வயிற்றைக் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம்.

வயிறு என்றதும் இன்னொன்று. காலையில் கட்டி, மதியம் வரை பையிலேயே கிடக்கும் டப்பா சாப்பாட்டில் கொரோனா வராது. ஆனால் வேறு கிருமிகள் பெருகும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. குளிர்பெட்டியில் வைத்துச் சூடாக்கிச் சாப்பிடுங்கள். அந்த வசதி இல்லையென்றால், கேன்டீனில் ஆவி பறக்கப் பரிமாறுவதே உங்களுக்குப் பாதுகாப்பு.

இனி காற்றுக்கு வருவோம். அலுவலகத்தில் மாஸ்க் போடுகிறவர்கள்கூட அதைக் கழற்றுகிற இடம் கேன்டீன்தான். அதுவும் எதிரெதிரே உட்கார்ந்து, சத்தத்துக்கு மேலே சத்தமாகப் பேசிக்கொண்டு. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில், ஜன்னல் இல்லாத ஓர் உணவகத்தில் நடந்ததைப் பாருங்கள். அடுத்தடுத்த மூன்று மேஜைகளில் மூன்று குடும்பங்கள் சாப்பிட்டன. ஒருவருக்குத் தொற்று இருந்தது. கடைசியில் மூன்று குடும்பங்களிலும் சேர்த்துப் பத்துப் பேர் பாதிக்கப்பட்டார்கள். மேஜைகளுக்கு நடுவே சுமார் ஒரு மீட்டர் இடைவெளி இருந்தும் பயனில்லை. ஏசி அந்த மூன்று மேஜைக் காற்றையே சுற்றிச் சுற்றி அடித்திருக்கிறது, வெளிக்காற்று வரவே வழியில்லை. அதே தளத்தில் அன்று சாப்பிட்ட மற்றவர்களுக்கும் பரிமாறிய ஊழியர்களுக்கும் வரவில்லை. சாப்பாட்டில் கோளாறு என்றால் இந்த மூன்று மேஜையோடு நின்றிருக்குமா? தென்கொரியாவில் ஓர் உணவகத்தில், ஆறரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தவருக்கு ஐந்தே நிமிடத்தில் தொற்றியதும் ஏசி காற்றோட்டத்தின் வழியாகத்தான்.

சுவரில் மாட்டும் ஏசி பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றையே குளிர வைக்கிறது. ஆகவே நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது, ஜன்னலைத் திறக்க முடியுமா, எக்சாஸ்ட் ஃபேன் சாப்பாட்டு நேரம் முழுவதும் ஓடுமா என்பதை. கார்பன் டை ஆக்சைடு அளக்கும் கையடக்கக் கருவி ஒன்று வாங்கச் சொல்லுங்கள். கூட்டம் நிரம்பிய நேரத்தில் மேஜைமேல் வைத்துப் பார்த்தால், 800 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 800 பங்கு) கீழே இருந்தால் காற்று ஓரளவு மாறுகிறது என்று அர்த்தம். அதற்கு மேலே ஏற ஏற, அடுத்தவர் விட்ட மூச்சை நீங்கள் இழுக்கிறீர்கள். மேஜை நடுவே நிற்கும் கண்ணாடித் தடுப்பு எச்சில் துளியைத் தடுக்கும்; காற்றில் மிதப்பதைத் தடுக்காது. அதற்குச் செலவழிக்கிற பணத்தை ஃபேனுக்குச் செலவழிக்கலாம் என்பது என் கட்சி.

உங்கள் கையில் இருப்பது நேரமும் இடமும். கூட்டம் வருவதற்கு முன்போ கலைந்த பிறகோ போங்கள். ஏசி காற்று நேரே முகத்தில் அடிக்கிற இடத்தை விட்டு ஜன்னலோரம் உட்காருங்கள். மொட்டை மாடியோ மரத்தடியோ கிடைத்தால் இன்னும் நல்லது. பேசாமல் சாப்பிட்டு முடியுங்கள். நண்பர்களோடு மௌனமாகச் சாப்பிடுவது கொடுமைதான், மறுக்கவில்லை. அரட்டையை மாஸ்க் போட்ட பிறகு, வெளியே நடந்துகொண்டே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கைபோடுவது கொஞ்ச நாள் வேண்டாம்.

மாஸ்க்கைத் தாடைக்கு இழுத்துவிட்டுச் சாப்பிடுகிறவர்கள்தான் அதிகம். எச்சிலும் வியர்வையும் பட்டு நனைந்த அதையே மறுபடி மூக்குக்கு ஏற்றுவார்கள். காதுப் பட்டையைப் பிடித்து முழுதாகக் கழற்றி, ஒரு காகித உறையில் போட்டு வையுங்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் எடுத்து மாட்டுங்கள்.

அம்மாவைப் பொறுத்தவரை, சர்க்கரை கட்டுப்பாட்டில் இருப்பதும் தடுப்பூசி முழுதாகப் போட்டிருப்பதும் அவசியம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த நோய் தீவிரமாகும் வாய்ப்பு அதிகம். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்று பரவத் தொடங்கிவிடும். ஆகவே, மதியம் தெம்பாக உங்கள் எதிரே சாப்பிட்ட நண்பருக்கு மறுநாள் காய்ச்சல் என்று தெரிந்தால், அவருடைய பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள். அன்றிலிருந்தே அம்மாவோடு சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்தி, வீட்டுக்குள்ளும் மாஸ்க் போடுங்கள், முடிந்தால் தனி அறையில் தூங்குங்கள். உங்களுக்குத் தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் அன்றே பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே அவருடைய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.