சாயங்காலம் நாலிலிருந்து எட்டு வரை

வணக்கம். பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறோம். ஒன்பதாவது படிக்கும் மகனின் கைக்குட்டையில் தின்னர் வாடை. கேட்டால் "போர் அடிச்சுது, பசங்க குடுத்தாங்க" என்கிறான். நாங்கள் வேலை முடிந்து வர எட்டாகிவிடும். கிரிக்கெட் மட்டையைப் பூட்டி வைத்துவிட்டு, இரண்டு டியூஷனில் சேர்த்திருக்கிறேன். இது போதுமா?
– ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

போதாது. மட்டையைப் பூட்டியது தப்பும்கூட. அதற்கு முன் அவசரமான ஒன்று.

வைட்னர், தின்னர், பங்க்சர் ஒட்டும் சொல்யூஷன் எல்லாவற்றிலும் டொலுவீன் மாதிரியான கரைப்பான்கள் இருக்கும். இவற்றை மோந்தால் வரும் போதையில், பயத்தில் சுரக்கும் அட்ரினலினை இதயம் தாங்காது. விரட்டினால், அடித்தால், துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். முதல் தடவையிலேயே போனதுண்டு. கையும் களவுமாகப் பிடித்தாலும் கத்தாதீர்கள். துணியை வாங்கி வெளியே போட்டு, ஜன்னலைத் திறந்து, உட்கார வையுங்கள். அடுப்பு பற்றவைக்க வேண்டாம். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள். விசாரணை மறுநாள்.

2019இல் வெளியான மத்திய அரசு ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறார்களிடம் அதிகமாக இருந்த ஒரே போதை இந்த மோந்து பார்க்கும் ரகம்தான்: அவர்களில் 1.7 சதவீதம், பெரியவர்களில் 0.58. பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைப்பதற்கு வேறென்ன ஆகும்?

"போர் அடிச்சுது" என்பதைச் சாக்கு என்று தள்ளாதீர்கள். வேலை இல்லாததால் மட்டும் போர் அடிப்பதில்லை. தானாகத் தேர்ந்தெடுத்தது ஒன்றும் இல்லாவிட்டாலும் அடிக்கும். டியூஷனிலும் அடிக்கும், அதுவும் இரண்டு டியூஷனுக்கும் நடுவே இருக்கும் அரை மணி நேரத்தில்! போதைப் பழக்கத்தைத் தடுக்க, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் 8, 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஓய்வு நேரத்தைத் திட்டமிடுவதையே பாடமாக வைத்துப் பார்த்தார்கள்.

ஒரு வாரம் அவனையே எழுதச் சொல்லுங்கள்: நாலு மணிக்கு எங்கே, யாரோடு, ஆசைப்பட்டுப் போனானா, வேறு போக்கிடம் இல்லாமலா? சிக்கல் எந்த நேரத்தில் என்று தெரிந்துவிடும். அந்த நேரத்துக்கு ஒன்றே ஒன்று, அவன் சொல்வது: கேரம், தவில், எதுவானாலும் சரி. நடந்து போகும் தூரம், வாரம் இரண்டு நாள், பக்கத்தில் ஒரு பெரியவர். மூன்றாவது வாரத்தில் "பிடிக்கலை" என்பான். புதுசும் போய், கையும் பழகாத நேரம் அது. "ஃபீஸ் கட்டியாச்சே" என்று மட்டும் சொல்லாதீர்கள். எது கஷ்டமாக இருக்கிறது என்று கேளுங்கள்.

வாடை மறுபடி வந்தாலோ, மூக்கைச் சுற்றிப் புண் தெரிந்தாலோ, ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. முதலில் போனில் பேச, போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது.