கேமரா ஸ்ட்ராப்பும் டிரைபாட் பிளேட்டும்: கேட்டவங்களுக்கு பதில்

ஸ்ட்ராப் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னேன், கொட்டிட்டீங்க. பாதிக்கு மேல ஒரே கேள்விதான், அதையெல்லாம் ஒண்ணா சேத்துட்டேன். நான் எந்த ஸ்ட்ராப் கம்பெனிக்கும் ஆள் இல்ல, ஆனா வாங்கி ஏமாந்த ஸ்ட்ராப் ஒரு டிராயர் நிறைய இருக்கு, அந்த தகுதியில பதில் சொல்றேன். பிளேட்டுன்னா கேமராவுக்கு அடியில முறுக்கற தட்டு, டிரைபாட் ஹெட்டுல இருக்கற கிளாம்ப் அததான் கவ்வி பிடிக்கும்.

கேள்வி: அண்ணே, குறுக்கால போடற ஸ்லிங் ஸ்ட்ராப் வாங்கினேன். அதோட கொக்கி கேமராவுக்கு அடியில டிரைபாட் ஓட்டையிலதான் முறுக்குது. இப்ப டிரைபாட்ல வைக்கணும்னா கொக்கிய கழட்டி பிளேட்ட மாட்டணும், முடிஞ்சதும் பிளேட்ட கழட்டி திரும்ப கொக்கி. வெளிச்சம் போயிடுது. என்னதான் பண்றது?

பதில்: எல்லாரும் மாட்டிக்கற இடம் இதுதான். கேமராவுக்கு அடியில இருக்கறது ஒரே ஒரு ஓட்டை, அதுக்கு ஸ்ட்ராப்பும் பிளேட்டும் அடிச்சுக்குது. அதனால ஸ்ட்ராப் வாங்கும்போது பஞ்சு எவ்ளோ மெத்துன்னு இருக்குன்னு அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல அது கேமராவுல எங்க மாட்டுதுன்னு பாருங்க.

என்னோட வழி, அந்த ஓட்டைய பிளேட்டுக்கே எழுதி வெச்சுட்டு பிளேட்ட கழட்டவே மாட்டேன், ஸ்ட்ராப் வேற எடத்துல மாட்டும். ரெண்டு முனையும் கேமராவோட ரெண்டு பக்கமும் ஸ்ட்ராப் கோக்க இருக்கற காதுல போறது பழைய முறை. கேமரா வயித்துல நேரா தொங்கும், பிளேட்டுக்கு எந்த இடைஞ்சலும் இல்ல. ஸ்லிங் மாதிரி பக்கவாட்டுல தலைகீழா தொங்கணும்னா, மூலையில ஸ்ட்ராப் கோக்க தனியா ஓட்டை வெச்ச பிளேட்டா வாங்குங்க. பீக் டிசைன் பிளேட்ல அப்படி இருக்கு, வேற கம்பெனிகளும் போடறாங்க. ஒரு முனைய பிளேட் ஓட்டையிலயும் இன்னொண்ண ஒரு பக்க காதுலயும் போட்டுட்டா லென்ஸ் கீழ பாத்து இடுப்போட ஒட்டி நிக்கும், டிரைபாட் வந்ததும் அப்படியே கிளாம்ப்ல சொருகிடலாம்.

அடியில மடக்கற கம்பி வளையம் வெச்ச பிளேட்டும் இருக்கு, அதுல உஷார். வளையம் முழுசா பள்ளத்துக்குள்ள படியலன்னா கிளாம்ப் பாதிதான் பிடிக்கும், பிடிச்ச மாதிரியே தெரியும். கடையில கையில வாங்கி வளையத்த மடக்கி, விரல வெச்சு தடவி பாருங்க. விரல்ல தட்டுனா அது கிளாம்ப்லயும் தட்டும்.

இன்னொரு வழி கியூடி, அதாவது சட்டுன்னு மாட்டி கழட்டற கொக்கி. எல்-பிராக்கெட் (கேமராவோட அடியையும் ஒரு பக்கத்தையும் சேத்து பிடிக்கற எல் வடிவ பிளேட்), நல்ல பிளேட் இதுலல்லாம் பக்கத்துல ஒரு வட்ட குழி இருக்கும் பாருங்க. ஸ்ட்ராப் முனையில இருக்கற பட்டன அமுக்கினா சின்ன சின்ன குண்டு உள்ள போகும், குழியில விட்டு பட்டன விட்டா குண்டு வெளிய வந்து கவ்விக்கும். துப்பாக்கி வாருக்கு வந்த ஐட்டம், கேமராக்காரங்க தூக்கிட்டு வந்துட்டாங்க. ஒரு செகண்ட்ல கழட்டலாம். மாட்டினதும் ஒரு தடவ வெடுக்குன்னு இழுத்து பாத்துட்டுதான் கைய விடணும், குண்டு சரியா உக்காராமலும் இருக்கும்.

கேள்வி: பிளேட் தானா லூஸ் ஆகுது. நான் சரியா முறுக்கலையா, இல்ல பிளேட்டே மட்டமா?

பதில்: ரெண்டும் இல்லாமலும் லூஸ் ஆகும். அந்த கால் இன்ச் ஸ்க்ரூவுக்கு இன்ச்சுக்கு 20 மரை, ஒரு முழு சுத்துக்கு 1.27 மில்லிமீட்டர்தான் ஏறும். உள்ள போறது சுமாரா நாலரை மில்லிமீட்டர். கணக்கு போட்டா மூணரை சுத்து, அவ்ளோதான். மூணரை சுத்துல உங்க மொத்த கேமராவும் நிக்குது. நீங்க நடக்க நடக்க கேமரா ஆடி ஆடி திரும்பும், கழட்டற பக்கமா திரும்ப ஆரம்பிச்சா போச்சு.

எனக்கு நடந்தத சொல்றேன். படிக்கட்டுல இறங்கிட்டு இருந்தேன், தோள்ல ஸ்லிங், கீழ ஒத்த ஸ்க்ரூ. திடீர்னு தோள் லேசாச்சு. கேமரா தொடையில பட்டு முழங்கால்ல பட்டு, கால நீட்டினேன், செருப்பு மேல விழுந்துச்சு. லென்ஸ் ஃபில்டர் மட்டும் போச்சு, கால் விரல் ஒரு வாரம் நீலமா இருந்துச்சு. கொக்கி மட்டும் அப்பிராணி மாதிரி ஸ்ட்ராப்ல தொங்கிட்டு இருந்துச்சு.

அன்னிலேர்ந்து மூணு பழக்கம். பிளேட்ட காசு வெச்சு திருகறதில்ல, எல்-கீ போட்டுதான் இறுக்கறது, கீ எப்பவும் பையிலயே கிடக்கும். வெளிய கிளம்பறதுக்கு முன்னாடி பிளேட்ட கட்டை விரலால பக்கவாட்டுல தள்ளி பாக்கறது. அடியில ஒத்த ஸ்க்ரூவுல தொங்குற ஸ்ட்ராப்பா இருந்தா காதுலேர்ந்து ஸ்ட்ராப்புக்கு ஒரு சின்ன துணை கயிறு, அது இல்லாம தெருவுல இறங்கறதே இல்ல. ஸ்க்ரூ லூஸாகாம ஒட்டி வெக்கற லாக்டைட் பசை போடலாமான்னு நாலு பேர் கேட்டிருக்கீங்க, வேணாம். நீலம் போட்டா கழட்டலாம்தான், ஆனா கேமரா மரைக்குள்ள பசை போடற அளவுக்கு எனக்கு தைரியம் இல்ல. சிவப்ப பக்கத்துலயே கொண்டு வராதீங்க.

கேள்வி: கழுத்து வலி உயிர் போகுது. அகலமான, பஞ்சு வெச்ச ஸ்ட்ராப் போட்டா சரியாகுமா?

பதில்: கொஞ்சம் கொறையும், சரியாகாது. பாடியும் 24-70 லென்ஸும் சேந்தா ஒன்றரை கிலோ பக்கம் வந்துடும், அத கழுத்துல நேரா மாட்டிட்டு நாள் பூரா குனிஞ்சு நிமிந்தா அகலம் என்ன பண்ணும். பாரத்த கழுத்துலேர்ந்து தோளுக்கு மாத்துங்க, குறுக்கால போடுங்க. அதுக்கு ஸ்ட்ராப் நீளம் பத்தணும், கூட வர்ற ஸ்ட்ராப் பாதி பேருக்கு குறுக்கால எட்டாது, குளிருக்கு ஜாக்கெட் போட்டா இன்னும் மோசம். நீளத்த சட்டுன்னு கூட்டி கொறைக்கிற பக்கிள் இருந்தா நடக்கும்போது இறுக்கி, எடுக்கும்போது தளத்திக்கலாம். அகலம் நாலு, அஞ்சு சென்டிமீட்டர் போதும், அதுக்கு மேல போனா பையில மடிக்க முடியாம பாம்பு மாதிரி சுத்திக்கும்.

நியோபிரீன்ல, அதான் ரப்பர் மாதிரி இழுபடற துணியில, செஞ்ச ஸ்ட்ராப் பத்தி ஒண்ணு. கடையில மாட்டி பாக்கும்போது அய்யோ எவ்ளோ லேசா இருக்குன்னு தோணும், அது இழுபடறதால வர்ற மயக்கம். கனமான லென்ஸ போட்டு நடந்தா ஸ்பிரிங் மாதிரி குதிக்கும், ஒவ்வொரு அடிக்கும் தோள்ல ஒரு குத்து. சின்ன கேமராவுக்கு சரி.

வாங்கறதுக்கு முன்னாடி கேமராவ மாட்டிட்டு பத்து நிமிஷம் நடங்க. நின்னுட்டு பாத்தா எல்லா ஸ்ட்ராப்பும் நல்ல ஸ்ட்ராப்தான்.

கேள்வி: என் டிரைபாட் மேன்ஃப்ராட்டோ, அந்த கம்பெனியோட ஆர்சி2 பிளேட்தான் அதுல மாட்டும். நீங்க சொல்ற ஓட்டை வெச்ச பிளேட்டெல்லாம் அதுல உக்காராதே?

பதில்: உக்காராது. அதெல்லாம் பெரும்பாலும் ஆர்கா-ஸ்விஸ் அளவு, 38 மில்லிமீட்டர் பக்கம் அகலம், ரெண்டு ஓரமும் சரிவா இருக்கும். டிரைபாட்ட மாத்த வேணாம், ஹெட்டு மேல ஒரு ஆர்கா கிளாம்ப் மட்டும் போட்டுக்கலாம். லீவர் கிளாம்ப் வேணாம், திருகற கிளாம்ப் வாங்குங்க, ஏன்னா ஆர்கான்னு சொன்னாலும் கம்பெனிக்கு கம்பெனி ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கும், லீவர் அதுக்கு ஒத்துப்போகாது. பிளேட்டு ரெண்டு முனையிலயும் கீழ நீட்டிட்டு இருக்கற குட்டி ஸ்க்ரூவ தேவையில்லன்னு கழட்டிடாதீங்க, கிளாம்ப் லூஸானா கேமரா வழுக்கி விழாம தடுக்கறது அதுதான்.

கேள்வி: பிளேட் போட்டா பேட்டரி மூடி திறக்கல.

பதில்: சின்ன பிளேட் வாங்குங்க, இல்ல உங்க மாடலுக்குன்னே செஞ்சத வாங்குங்க. அந்த பிளேட்ல பாடியோட விளிம்ப ஒட்டி நிக்கற மாதிரி ஒரு உதடு இருக்கும், பிளேட் திரும்பவும் திரும்பாது.

கேள்வி: ஸ்ட்ராப்ப கேமராவோட இணைக்கற பீக் டிசைன் ஆங்கர் இருக்கே, அந்த நூல் மாதிரி கயிற நம்பி இவ்ளோ காசு சாமான தொங்க விடறதா?

பதில்: எனக்கும் முதல்ல பயம்தான். 90 கிலோ தாங்கும்னு கம்பெனி சொல்லுது, கேமராவுக்கு அது ரொம்பவே ஜாஸ்தி. பிரச்சன பாரம் இல்ல, தேய்மானம். மேல இருக்கற கறுப்பு தேஞ்சு உள்ள மஞ்சளோ சிவப்போ எட்டி பாத்தா அன்னிக்கே தூக்கி போட்டுட்டு புதுசு மாட்டுங்க. கூரான விளிம்பு இருக்கற கம்பி வளையத்துல கோக்காதீங்க, வளையம் அறுத்துட்டே இருக்கும்.

கேள்வி: 70-200 லென்ஸ் போட்டா ஸ்ட்ராப் எங்க மாட்டணும்?

பதில்: லென்ஸ் கால்ல, அதாவது லென்ஸ சுத்தி இருக்கற காலர் வளையத்துலேர்ந்து கீழ நீட்டிட்டு இருக்கற பாகத்துல. பாடியில மாட்டினா மொத்த கனமும் பாடியில லென்ஸ் மாட்டற மவுண்ட்ல இழுக்கும். நீளமா ஒரு ஆர்கா பிளேட்ட லென்ஸ் கால்ல போட்டு அதுலயே ஸ்ட்ராப்பும் மாட்டிட்டா டிரைபாட்டும் அங்கதான், ஸ்ட்ராப்பும் அங்கதான், ரெண்டு வேலை ஒரே எடத்துல. காலர் திருகு இறுக்கமா இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, சில லென்ஸ்ல அது லூஸானா காலரே கழண்டு கையில வந்துடும்.

கேள்வி: டிரைபாட்ல வெச்சும் ராத்திரி போட்டோ ஆடுது. ரிமோட்லதான் எடுக்கறேன்.

பதில்: ஸ்ட்ராப்ப கழட்டினீங்களா? காத்துல அது கொடி மாதிரி அடிச்சுக்கும், முப்பது செகண்ட் எக்ஸ்போஷர்ல ஒவ்வொரு அடியும் படத்துல விழும். கழட்ட முடியாத ஸ்ட்ராப்னா ஹெட்ட சுத்தி கட்டிடுங்க. சட்டுன்னு கழட்டற மாதிரி வாங்குங்கன்னு நான் கத்தறதுல பாதி காரணம் இதுதான்.

கேள்வி: காதுல கோத்த பட்டை மெல்ல மெல்ல நழுவுது, ரெண்டு பக்கமும் நீளம் வேற வேறயா ஆயிடுது.

பதில்: பட்டைய காதுல விட்டு பிளாஸ்டிக் பக்கிள்ல சும்மா சொருகி வெச்சிருப்பீங்க, வால் வெளிய தொங்கிட்டு இருக்கும். காதுலேர்ந்து திரும்பி வர்ற வால முதல்ல சின்ன வளையத்துக்குள்ள விடுங்க, அப்புறம் பக்கிள கொஞ்சம் தளத்தி, மெயின் பட்டைக்கும் பக்கிளுக்கும் நடுவுல, உள்பக்கமா விட்டு இழுங்க. வால் உள்ள மாட்டிக்கும், ரெண்டு பட்டையும் ஒண்ண ஒண்ணு அமுக்கும். பாரம் ஏற ஏற இறுகும். வால் ரெண்டு விரல் நீளமாவது இருக்கணும்.

கேள்வி: கடைசியா ஒண்ணு சார், சிரிக்காதீங்க. ஸ்ட்ராப்ல கேமரா மாடல் பேரு அவ்ளோ பெரிசா இருக்கு, வெளிய போட கூச்சமா இருக்கு.

பதில்: திருப்பி போடுங்க.