வீடு, காணி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மட்டக்களப்பு கல்லடியில் கூரை விழுந்த பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறது. வாங்கவும் திருத்தவும் சேர்த்து வங்கிக் கடன் எடுக்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் கொள்வனவுக்கும் திருத்த வேலைக்கும் தொகையைப் பிரித்தே கேளுங்கள். கூரையில்லாத வீட்டுக்கு வங்கி மதிப்பீட்டாளர் பெரும்பாலும் காணிப் பெறுமதியை ஒட்டியே மதிப்புப் போடுவார். விற்பவர் கேட்கும் விலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி உங்கள் கைக்காசு. உறுதி எழுதும்போது கட்டும் முத்திரை வரியும் உங்கள் கைக்காசுதான்: முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 50 இலட்சத்துக்கு 1,99,000 ரூபா.

முற்பணம் கொடுக்குமுன் நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவுகளைத் தேடுங்கள். உறுதிக்காணியா (உறுதி எழுதிய தனியார் காணி), அனுமதிப்பத்திரக் காணியா (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) என்பதே முதல் கேள்வி. அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது. வெறும் கையெழுத்துத் தாளை நம்பிக் காசு கொடுக்கவே வேண்டாம். சோலைவரி (உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் ஆதன வரி) நிலுவையையும் பாருங்கள்.

திருத்தக் கடன் கட்டம் கட்டமாக, முடிந்த வேலையைப் பார்த்தே வரும். ஆகவே முதல் கட்டத்துக்குக் காசு ஒதுக்காமல் வாங்கினால் வேலை தொடங்காது, மாரி மழையில் சுவர் ஊறிவிடும். ஐப்பசிக்கு முன் கூரை முடியவேண்டும். கடலோர வீடென்பதால் லிண்டலையும் பீமையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீட் பிரிந்திருக்கும். மேலே பூசி மறைக்காமல், உடைத்து மாற்றும் செலவையும் மதிப்பீட்டில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.